வெறும் பனிக்கட்டியில் ஒரு கதவு

ஜனவரி 9

அன்புள்ள எறும்புக்கு,

முதலில் ஒரு பொய்யைத் திருத்திவிடுகிறேன். நான் மாத்திரைகளை விழுங்காமல் தலையணைக்கு அடியில் ஒளித்துவைக்கிறேன் என்று உன் காதுக்கு வந்திருக்கும். என் மகன் சொல்லியிருப்பான், அல்லது அவன் மனைவி. நடந்தது வேறு. எழுதிக்கொடுத்த ஒவ்வொரு மாத்திரையையும் சொன்ன வேளைக்கு விழுங்கினேன். மூன்று முறை மருத்துவமனையில் படுத்து ஊசி வழியாகவும் ஏற்றிக்கொண்டேன். மருந்து எனக்குள் போனது, கிருமிக்குள் போகவில்லை. அதற்குப் பெயர் என் பிடிவாதமாம்.

நீ சுகந்தானே? குனிந்தே உட்கார்ந்து வாங்கிய முதுகுவலி தேவலையா? உன் அண்ணன் போனபின் இந்தக் குடும்பத்தில் உன்னைப் பற்றி விசாரிப்பவள் நான் ஒருத்திதான். நீயோ போனை எடுப்பதில்லை. ஆகவே கடிதம்.

மாடிப்படியில் விழுந்து கால் உடைந்தபோது உள்ளே ஒரு தகடு வைத்தார்கள் அல்லவா? அந்தத் தகட்டில் கிருமி குடியேறிவிட்டது. தகட்டை எடுத்தாயிற்று. கிருமி காலி செய்யவில்லை. இப்போது எலும்புக்குள் இருக்கிறது, சீழ் நிற்பதில்லை. எந்த மருந்தும் கேட்காத கிருமி என்று அறிக்கை வந்திருக்கிறது. எலும்பு மருத்துவர் என்னிடம், "முழங்காலுக்குக் கீழ எடுத்துடலாம்மா, சுத்தமா முடிஞ்சிடும்" என்றார். "பல்லா பிடுங்கறீங்க?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

முப்பது வருடமாக நீ என்ன வேலை செய்கிறாய் என்று உன் அண்ணனுக்கே சரியாகத் தெரியாது. கேட்பவர்களிடம், "அவ கிருமிக்கு போட்டோ புடிக்கிறா" என்பார், ஏதோ நீ ஸ்டுடியோ வைத்திருப்பதுபோல. எனக்கு அது போதாது. நீ பார்ப்பது என்ன, அதில் என் காலுக்கு ஏதாவது உண்டா என்று புரியும்படி எழுது. இல்லை என்றால் இல்லை என்று எழுது.

உன் நலத்தை விரும்பும்
அண்ணி


ஜனவரி 28

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் எறும்பு நலம். முதுகு அதன் வேலையைச் செய்கிறது, வலிக்கிறது. உங்கள் கடிதத்தைப் படித்ததும் முதலில் உட்கார்ந்தேன், அப்புறம் சிரித்தேன், அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. இவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

போட்டோ பிடிப்பது உண்மைதான். உங்கள் காலில் இருக்கும் வகைக் கிருமிக்கு இரண்டு தோல். வெளித்தோல் ரொம்பக் கெட்டி. அதில் அங்கங்கே புரதத்தால் ஆன குழாய்கள் உண்டு, அடியும் மூடியும் இல்லாத பீப்பாய் மாதிரி. கிருமிக்குச் சாப்பாடு அந்த வழியாகத்தான் போகும். மருந்தும் அந்த வழியாகத்தான் போகவேண்டும். கெட்டிக்காரக் கிருமிகள் அந்தக் கதவுகளைக் குறுக்கிவிடும், சிலது சுவரே எழுப்பிவிடும்.

நான் அந்தக் கதவை மட்டும் தனியாகப் பிரித்து, சொட்டுத் தண்ணீரில் வைத்து, கண் இமைப்பதற்குள் உறையவைத்து, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படம் எடுக்கிறேன். ஒரு படத்தைப் பார்த்தால் உங்களுக்குக் கோபம் வரும். சாம்பலைத் தூவினமாதிரி இருக்கும், ஒன்றும் தெரியாது. லட்சக்கணக்கான படங்களைக் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் உருவம் மெதுவாக எழும்பி வரும்.

இப்போது உங்கள் கால். கிருமிக்கு இரும்புச்சத்து வேண்டும், அதற்கென்றே ஒரு கதவு வைத்திருக்கிறது. இரும்பைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தக் கதவு வழியாக நுழைகிற ஒரு புது மருந்து வந்திருக்கிறது. வேறு வழியில்லாத நோயாளிகளுக்கு மட்டும் சோதனையாகக் கொடுக்கிறார்கள். அதை நடத்தும் மருத்துவரை எனக்குத் தெரியும். உங்கள் கிருமியை அனுப்பச் சொல்லுங்கள். அவர் தட்டில் வளர்த்து மருந்து போட்டுப் பார்ப்பார். நான் கதவைப் பார்க்கிறேன்.

வலி அதிகமா? அதைப்பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை.

என்றும் உங்கள்
எறும்பு


பிப்ரவரி 10

அன்புள்ள எறும்புக்கு,

இங்கு எல்லாம் வழக்கம்போல. சர்க்கரை டப்பாவைத் திறந்தாலே நீ உள்ளே இருப்பாய் என்று உனக்கு இந்தப் பெயரை வைத்தவள் நான்தான், உன் ஐந்து வயதில். கிருமியின் வீட்டுக்குள்ளும் நுழைந்துவிட்டாய் என்று இப்போதுதான் தெரிகிறது. உன் விளக்கம் நன்றாக இருந்தது. "கெட்டிக்காரக் கிருமி" என்று மட்டும் எழுதாதே. அதை நான் பாராட்டத் தயாராக இல்லை.

மருத்துவமனையில் சம்மதக் கையெழுத்துப் போட்டாயிற்று. உன் இடத்துக்கு என் கிருமி அடைத்த குப்பி வந்து சேரும். கட்டு மாற்ற வரும் நர்ஸ் பெண் கேட்டாள்: "உங்க கிருமியை வேற ஊருக்கு அனுப்பறாங்களாமே, டிக்கெட் எடுத்தாச்சா?" நல்ல பெண். ஆனால் கட்டைப் பிரித்ததும், "அம்மா, இன்னிக்கு வாசனை கொஞ்சம்..." என்று இழுத்தாள். "நாத்தம்னு சொல்லு. கால்ல பூவா வச்சிருக்கேன்?" என்றேன். அதற்குப் பிறகு எங்களுக்குள் ஒளிவுமறைவு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை என் மகன் வந்தான். நாற்காலியில் உட்காராமல் ஜன்னலோரம் நின்றுகொண்டே, "கால் போனா என்னம்மா, உயிர் இருக்கே" என்றான். "உனக்கு ரெண்டு இருக்கு, நீ பேசலாம்" என்றேன். அவன் முகம் சுருங்கிவிட்டது. சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் நான் தனியாக இருக்கும் இந்த இரண்டு அறைகளுக்கு முப்பத்தெட்டுப் படிகள் ஏறித்தான் வரவேண்டும். கால் போனால் அவன் வீட்டில் கூடத்து மூலையில் ஒரு கட்டில், அவன் மனைவி நேரம் பார்த்துக் கொடுக்கும் காபி. அவள் கெட்டவள் அல்ல. நான்தான் அந்த மூலைக்குப் பொருந்தமாட்டேன்.

ஏப்ரல் கடைசி வாரத்தில் அறுவைக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். அதற்குள் உன் படம் வந்தால் பார்க்கிறேன். வராவிட்டால் அவசரப்படாதே. அரைகுறை வேலை எனக்கு வேண்டாம்.

அன்புடன்
அண்ணி


ஏப்ரல் 17

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? இரண்டு மாதம் சும்மா இருந்துவிட்டேன், திட்டுங்கள். உங்கள் கிருமி உங்களைப்போலவே, யார் சொன்னாலும் கேட்பதில்லை. கதவைத் தோலிலிருந்து பிரிக்கச் சோப்பு மாதிரி ஒன்றைப் போடுவோம். அதிகம் போட்டால் கதவு குலைந்துவிடும், குறைவாகப் போட்டால் வெளியே வராது. நான்கு முறை குழாயின் அடியில் வெறும் வெள்ளைக் கசடுதான் மிஞ்சியது. ஆய்வுக்கூடத்தில் என் எதிர் அறைக்காரர் எட்டிப் பார்த்து, "என்னங்க, தயிர் உறை ஊத்தறீங்களா?" என்றார். இருபது வருடமாக அவருக்கு என்னைக் கிண்டல் செய்வதுதான் பொழுதுபோக்கு. ஜூலையில் நான் ஓய்வு பெற்றதும் என்ன செய்வாரோ.

ஐந்தாவது முறை வந்தது! நுண்ணோக்கியில் ஒரு முழு வாரம் எனக்கு இடம் கிடைத்தது. குளிர் அறையில் இரண்டு கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்து படங்களாக எடுத்துத் தள்ளினேன். அடுக்கியதும் உருவம் எழுந்து வந்தது பாருங்கள், நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன்.

கதவு திறந்திருக்கிறது அண்ணி. இரும்புக் கதவுக்கு உள்ளே ஒரு அடைப்பு இருக்கும். உங்கள் கிருமியில் அது ஒரு பக்கம் ஒதுங்கி, நடுவில் வழி தெளிவாகத் தெரிகிறது. படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். நீலம் பீப்பாய், மஞ்சள் அடைப்பு. நடுவில் கறுப்பாகத் தெரிவதுதான் வழி.

தட்டுச் சோதனையில் கிருமி பாதி செத்தது, பாதி சாகவில்லை என்று சோதனை மருத்துவர் இழுத்துக்கொண்டிருந்தார். இந்தப் படத்தை அனுப்பினேன். "அப்ப சேத்துக்கலாம்னு தோணுது" என்றார். இத்தனை வருடத்தில் என் படம் ஒரு மனுஷருக்காவது உதவப்போகிறது, அதுவும் உங்களுக்கு. வாயில் சர்க்கரையோடு எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
எறும்பு


ஏப்ரல் 24

அன்புள்ள எறும்புக்கு,

படம் கிடைத்தது. மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். நர்ஸ் பெண் அதைப் பூந்தொட்டி என்று நினைத்தாள். நான் திருத்தினேன்.

உன் அண்ணன் இருந்திருந்தால் இதைத் தெருவெல்லாம் காட்டியிருப்பார். எனக்கு அந்த வழக்கம் இல்லை. ஆனால் மிகவும் சந்தோஷம் என்பதை எழுதிவைக்கிறேன்.

எலும்பு மருத்துவரிடம் பேசவேண்டியதைப் பேசிவிட்டேன். சோதனை மருத்துவர் எப்போது அழைப்பார் என்று தெரிந்தால் எழுது. உடம்பைப் பார்த்துக்கொள், குளிர் அறையில் காதை மூடிக்கொள்.

அன்புடன்
அண்ணி


ஜூன் 3

அன்புள்ள எறும்புக்கு,

நலமா? என் கடிதம் கிடைத்ததா என்று தெரியவில்லை. சோதனை மருத்துவரிடமிருந்து அழைப்பு இல்லை. நானே அழைத்தால், "உங்க நாத்தனார்கிட்ட ஒரு விளக்கம் கேட்டிருக்கோம்மா" என்கிறார்கள். என்ன விளக்கம்?

இங்கு கட்டு இப்போது தினம் இரண்டு வேளை. காய்ச்சல் சாயங்காலத்தில் வருகிறது, விடியும்போது போய்விடுகிறது. சாப்பாடு பரவாயில்லை. என் மகன் அடிக்கடி வருகிறான், இப்போது நாற்காலியில் உட்காருகிறான். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

பதில் எழுது.

அண்ணி


ஜூன் 20

அன்புள்ள அண்ணிக்கு,

மன்னிக்கவேண்டும். இங்கே இயந்திரத்தில் பழுது, அப்புறம் ஓய்வுக்கான காகித வேலைகள், தலைக்குமேல் போய்விட்டது. படத்தில் சில சரிபார்ப்புகள் பாக்கி இருக்கின்றன. அதனால்தான் அவர்கள் காத்திருக்கிறார்கள்.

அறுவை நல்லபடியாக முடிந்தது பெரிய ஆறுதல். உங்கள் பிள்ளையிடம் விசாரிக்கவேண்டும் என்று தினமும் நினைக்கிறேன், போனைக் கையில் எடுத்தால் கை வரவில்லை. புண் ஆற நாளாகும், கட்டை ஒழுங்காக மாற்றச் சொல்லுங்கள். செயற்கைக் காலுக்கு அளவு எடுத்தார்களா? இப்போதெல்லாம் ரொம்ப லேசாகச் செய்கிறார்களாம். நீங்கள் அதையும் திருத்தச் சொல்லி ஆளை விரட்டுவீர்கள் என்று தெரியும்.

காய்ச்சலை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள்.

எறும்பு


ஜூன் 26

எறும்புக்கு,

எந்த அறுவை?

என் கால் என்னிடம்தான் இருக்கிறது. ஏப்ரல் கடைசியில் நான் போகவில்லை. உன் படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு எலும்பு மருத்துவரிடம் போய், "கதவு திறந்திருக்கு, மருந்து வரப்போகுது, தேதியை ரத்து பண்ணுங்க" என்றேன். அவர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது எனக்குப் புரியாத விஷயம்மா. ஆனா காலைத் தள்ளிப்போடாதீங்க" என்றார். தள்ளிப்போட்டேன்.

கட்டு என்று நான் எழுதியதை வெட்டியபின் போடும் கட்டு என்று நீ எடுத்துக்கொண்டாய். நானும் வேண்டுமென்றே தெளிவாக எழுதவில்லை. உன் படத்தை நம்பித்தான் இருக்கிறேன் என்று தெரிந்தால் வேலை செய்யும் உன் கை நடுங்கும் என்று நினைத்தேன்.

இப்போது முழங்காலுக்கு மேலேயும் வீங்கியிருக்கிறது. கீழே வெட்டிப் பயனில்லை, தொடையோடு எடுக்கவேண்டும் என்கிறார்கள். அடுத்த வாரம் மருத்துவமனையில் சேர்கிறேன்.

சரிபார்ப்பு என்று எழுதியிருந்தாய். எதைச் சரிபார்க்கிறாய்? ஓய்வு, பழுது என்று சுற்றி வளைக்காமல் எழுது. நீ ஐந்து வயதிலேயே சுற்றி வளைத்தால் எனக்குத் தெரிந்துவிடும்.

அண்ணி


ஜூலை 14

அண்ணி,

இதை எத்தனையோ தரம் எழுதிக் கிழித்துவிட்டேன்.

கதவு திறந்திருக்கவில்லை. அந்தப் படம் பொய். நான் வேண்டுமென்று செய்த பொய் அல்ல, ஆனால் பொய்.

சாம்பல் தூவின மாதிரியான படங்களை அடுக்கும்போது, எதை எந்தப் பக்கம் திருப்பி வைப்பது என்று கணினிக்குத் தெரியாது. அதற்கு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு மாதிரி உருவம் கொடுப்போம். நான் கொடுத்தது, முன்பு வேறொரு கிருமியில் நாங்கள் எடுத்த திறந்த கதவின் உருவம். அவசரம், தேதி நெருங்குகிறது, இதை வைத்தால் வேகமாக முடியும் என்று கொடுத்தேன். கணினி சொன்னபடி கேட்டது. ஒவ்வொரு சாம்பல் படத்தையும் அந்த மாதிரிக்கு எப்படி ஒத்துப்போகுமோ அப்படித் திருப்பி அடுக்கியது. அப்படி அடுக்கினால் குப்பையிலிருந்தும் கதவு எழும்பும். எங்கள் துறையில் சேருகிறவர்களுக்கு முதலில் சொல்லும் எச்சரிக்கை இதுதான். நானே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

மே மாத ஆரம்பத்தில் எதிர் அறைக்காரர் என் அறை வாசலில் வந்து நின்றார். கிண்டல் செய்யவில்லை. "தப்பா எடுத்துக்காதீங்க. புரதமே போடாம வெறும் பனிக்கட்டியைப் படம் எடுத்து, உங்க மாதிரியைக் கொடுத்து கணினியில ஓட்டிப் பாத்தேன். நான்தான் எங்கயோ சொதப்பிட்டேன்னு திரும்பவும் ஓட்டினேன். கொஞ்சம் வந்து பாருங்க" என்றார். போய்ப் பார்த்தேன். அதே கதவு, நடுவில் அதே வழி. ஒன்றுமே இல்லாத பனிக்கட்டியில்.

சோதனை மருத்துவருக்கு அன்றே சொல்லிவிட்டேன். உங்களுக்குச் சொல்லவில்லை. அறுவை முடிந்திருக்கும், கால் போன வருத்தத்தில் இருப்பீர்கள், இதை வேறு ஏன் சொல்லவேண்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். அதுவும் நான் பார்க்க விரும்பிய உருவந்தான்.

இன்னொன்று. ஏப்ரல் கடிதத்தில் "இதற்காக அறுவையைத் தள்ளிப்போடாதீர்கள்" என்று முதலில் ஒரு வரி எழுதினேன். கடிதம் சந்தோஷமாக இருந்தது, அந்த வரி மட்டும் முள்ளாக உறுத்தியது. நல்ல தாளில் திரும்ப எழுதும்போது அதை விட்டுவிட்டேன்.

இப்போது மாதிரி எதுவும் கொடுக்காமல் முதலிலிருந்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன். மாதக் கடைசிவரை அறைச் சாவி என்னிடம் இருக்கும். இதுவரை தெரிவது, பீப்பாய் இருக்கிறது, அடைப்பு நடுவில் இறுகி உட்கார்ந்திருக்கிறது, வழி இல்லை. விளிம்பு இன்னும் மங்கல்தான். முடிந்ததாகச் சொல்ல முடியாது.

ரயிலில் கிளம்பி வந்துவிடட்டுமா அண்ணி? உங்கள் கட்டில் பக்கத்தில் இருக்கிறேன். திட்டினாலும் கேட்டுக்கொண்டு இருக்கிறேன்.

எறும்பு


ஜூலை 19

எறும்புக்கு,

உன் கடிதத்தை மருத்துவமனைக் கட்டிலில் வைத்துப் படித்தேன். உடம்பு எப்படி என்று நீ கேட்கவில்லை, சரிதான். காய்ச்சல் இப்போது பகலிலும் இருக்கிறது. எழுத்து கோணினால் அதனால்தான்.

வராதே. நீ வந்தால் இருவரும் அழுதுகொண்டிருப்போம், அங்கே வேலை பாதியில் நிற்கும்.

உன்னை மன்னித்தேன் என்று எழுதுவதற்கு எனக்குக் கை வரவில்லை. வந்தால் எழுதுகிறேன். ஆனால் நீ செய்தது எனக்குப் புரிகிறது. நீதிமன்றத்தில் சுருக்கெழுத்து எழுதிய காலத்தில், ஒரு வக்கீல் வாய்க்குள்ளேயே பேசுவார். அவர் வழக்கமாக என்ன சொல்வாரோ அதையே என் கை எழுதிவிடப் பார்க்கும். நான் கையைப் பிடித்து நிறுத்தி, எழுந்து, "திரும்பச் சொல்லுங்கள்" என்பேன். கூடமே சிரிக்கும். அப்படிக் கேட்டவள் உன் படத்தைப் பார்த்தபோது ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கால் என்னுடையது. தேதியை ரத்து செய்தவளும் நான். என் மகன் உன்மீது பாய்ந்தால் இதை அவனிடம் காட்டு.

இப்போது நடப்பதைச் சொல்கிறேன். நேற்று எலும்பு மருத்துவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "தொடையோட எடுத்தாலும் மேல இடுப்புப் பக்கம் கொஞ்சம் தங்கியிருக்கும்மா. அதைப் பிடிக்க ஒரு மருந்து இருந்தாத்தான் இந்த ஆபரேஷனுக்கு அர்த்தம். இல்லைன்னா கடைசி நாள்ல உங்களைச் சும்மா வதைக்கிறமாதிரி ஆயிடும்" என்றார். "உங்க அம்மாவா இருந்தா என்ன செய்வீங்கன்னு கேக்கமாட்டேன், பயப்படாதீங்க" என்றேன். இந்தமுறை அவர் சிரிக்கவில்லை. என் மகன் வராந்தாவில் நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அறுவைக்கு நான் கையெழுத்துப் போடவேண்டும் என்பது அவன் விருப்பம். எதையாவது செய்தோம் என்று இருக்கவேண்டும் அவனுக்கு.

சோதனை மருத்துவரையும் நானே அழைத்தேன். தட்டுச் சோதனையை மட்டும் வைத்து என்னைச் சேர்க்கமாட்டார்களாம். உன் புதிய படத்துக்குத்தான் காத்திருக்கிறார்கள். ஆகவே மருந்து உண்டா இல்லையா என்பது அந்தக் கதவில் இருக்கிறது. கையெழுத்துப் போடுவதா வேண்டாமா என்பதும் அதில்தான் இருக்கிறது.

முன்பு நீ ஆசைப்பட்டாய், கதவு திறந்தது. இப்போது நீ பயந்துபோய் இருக்கிறாய், கதவு அடைத்திருக்கிறது என்கிறாய். எனக்கு இரண்டிலும் நம்பிக்கை இல்லை. மாதிரி கொடுக்காமல் ஓட்டுகிறேன் என்று எழுதினாய். வெறும் பனிக்கட்டியையும் அதே முறையில் ஓட்டிப் பார்த்தாயா? அதை நீ எழுதவில்லை. ஓட்டிப் பார். அதிலும் அடைப்பு தெரிந்தால் இந்தப் படமும் பொய், நமக்கு இன்னும் ஒன்றும் தெரியாது என்று அர்த்தம். அதில் ஒன்றும் வராமல், என் கிருமியில் மட்டும் அடைப்பு வந்தால் அது நிஜம். அப்படியானால் நான் கையெழுத்துப் போடப்போவதில்லை. மகனிடம் அதை நானே சொல்லிக்கொள்வேன்.

எதிர் அறைக்காரரையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு பார். எனக்காக எதையும் மெருகேற்றாதே, எந்த வரியையும் விட்டுவிடாதே. வெள்ளிக்கிழமை வரை மருத்துவர் காத்திருப்பார். வெறும் பனிக்கட்டியில் என்ன வந்தது, என் கிருமியில் என்ன வந்தது, இவை இரண்டையும் தனித்தனியாக, உன் கைப்பட எழுதி அனுப்பு.

அண்ணி